மரம் வரைந்தால் மனசு தெரியும்

அந்த மருத்துவமனைக்கு எலும்பு முறிந்தவர்கள்கூட இவ்வளவு அவசரமாக வந்ததில்லை. காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை வளைந்து நின்றது. நின்றவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும், கட்டணத்துக்கு மடித்த ரூபாய் நோட்டும் வைத்திருந்தார்கள். தங்கள் மனசு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து கூடவே வைத்துக்கொண்டிருக்கிற மனசுதான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் வாயால் கேட்டால்தானே திருப்தி!

சொல்லப் போகிறவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் மனமானி. வெப்பத்தை அளந்தால் வெப்பமானி, மனத்தை அளந்தால் மனமானி. பழைய காலத்துக் குறிகாரர் மாதிரி முடி வளர்க்கவில்லை, மந்திரம் முணுமுணுக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, அதற்குப் பொருத்தமான டை, தங்க விளிம்பு வைத்த கண்ணாடி. கோட்டுப் போட்டுக்கொண்டு குறி சொன்னால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

"ஒரு மரம் வரைங்க. எந்த மரமா இருந்தாலும் சரி. மீதியை நான் பாத்துக்கறேன்."

பரிசோதனை அவ்வளவுதான். வரைந்து கொடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தாளை விரலால் தடவுவார். வேர் என்றால் பிறப்பு, தண்டு என்றால் தைரியம், கிளை என்றால் ஆசை, இலை என்றால் நாக்கு என்பார். நடுநடுவே ஆழ்மனம், உள்முகம், வெளிமுகம் என்று பெரிய பெரிய சொற்கள் வந்து விழும். மனித சுபாவத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் யோசித்து, ஒருவரோடொருவர் மல்லுக்கட்டி, தாங்கள் சொன்னதையே பிற்பாடு தப்பென்று திருத்திக்கொண்ட அறிஞர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். மனமானி அவர்களிடமிருந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். திருத்திக்கொள்ளும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டார். பாரம் குறைவு பாருங்கள்.

பிறகு கண்ணைத் திறப்பார்.

"வெளியில சிரிக்கிறீங்க. உள்ளுக்குள்ள அழறீங்க."

கேட்டவருக்குக் கண் கலங்கும்.

"எல்லாரையும் சீக்கிரமா நம்பிடறீங்க. ஆனா உங்களை யாருமே சரியாப் புரிஞ்சுக்கலை."

கேட்டவர் கைக்குட்டையைத் தேடுவார்.

"உங்க திறமையில பாதிகூட இன்னும் வெளியில வரலை."

கேட்டவர் மறுநாள் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இப்படிப்பட்டவரை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் வேறு யாருமல்ல, பெரிய டாக்டர்தான். மருத்துவமனை அவருடையது. வயிற்றைக் கிழித்துத் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை முடிவைக்கூட இரண்டு தடவை பார்க்காமல் நம்பமாட்டார். அவரேதான் ஒரு விருந்தில் கைத்துடைக்கும் காகிதத்தில் மரம் வரைந்து கொடுத்து, "நீங்க வேர் மனிதர். உங்க மேலதான் எல்லாரும் நிக்கிறாங்க" என்று மனமானி சொல்லக் கேட்டு மெய்மறந்து, மூன்றாவது மாடியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். புகழ்ச்சிக்கு மட்டும் யாரும் இரண்டாம் தடவை பரிசோதனை கேட்பதில்லை.

வெளியாட்களோடு நிற்கவில்லை. மருத்துவமனை ஊழியர்கள் அத்தனை பேரும் மரம் வரைந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேர், தண்டு, கிளை, இலை என்று மனிதர்கள் நான்கு சாதியானார்கள். வேர்க்காரர்களுக்குப் பச்சை பேட்ஜ், கையில் சாவிக்கொத்து. இலைக்காரர்களுக்கு மஞ்சள் பேட்ஜ். காற்றடித்தால் பறந்துவிடுவார்களாம், பொறுப்பு எதுவும் கிடையாது. பச்சை பேட்ஜ் கிடைத்த காசாளர் அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று கேள்வி.

பிறந்த குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். எல்லோரும் அவளைத் 'தாலாட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடுவாள் என்றில்லை. வீறிடுகிற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகுவாள். குழந்தை அடங்கிவிடும். சில சமயம் பக்கத்துக் கட்டிலில் தாயும் தூங்கிவிடுவாள்.

தன் முறை வந்தபோது தாலாட்டு ஆசையாகத்தான் மாடியேறினாள். அவளுக்கும் அவளைப் பற்றிக் கேட்க ஆசை இருக்காதா? வார்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தை அப்படியே வரைந்தாள். தண்டில் ஒரு பொந்து, பொந்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற அணில் வால் வரைக்கும் விடவில்லை.

மனமானி தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய வெளுத்துப்போன சீருடையைப் பார்த்தார். தேய்ந்த செருப்பைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

"ராத்திரி தூக்கம் சரியா இருக்கா?"

"ஷிஃப்ட் வேலையில தூக்கம் எங்க சார்?"

"பாத்தீங்களா!" என்றார், அவளே இப்போதுதான் சொன்னதைத் தான் கண்டுபிடித்த மாதிரி. விரல் பொந்தின்மேல் வந்து நின்றது. முகம் இருண்டது. "இது என்னம்மா?"

"பொந்து சார். அணில் இருக்கு அதுல. எங்க வார்டு ஜன்னல்கிட்ட போய் எட்டிப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்."

"நான் ஜன்னலைப் பாக்கிறவன் இல்லம்மா. மனசைப் பாக்கிறவன்." குரலைத் தாழ்த்தினார். "இது பொந்து இல்ல. காயம். உள்ளுக்குள்ள கோபத்தை அடக்கி அடக்கி வச்சிருக்கீங்க. உங்களுக்கே தெரியாது. ஒருநாள் அது வெளியில வரும். அப்ப கையில யாரு இருக்காங்களோ அவங்க பாவம்."

அவள் கையில் யார் இருப்பார்கள்? பிறந்து இரண்டு நாளான குழந்தைகள்.

மறுநாள் அவளைத் துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள். படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்குகிற வேலை. "எனக்கு மட்டும் இது இஷ்டமா சொல்லு? மேலேருந்து வந்திருக்கு" என்றாள் தலைமை நர்ஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். இத்தனை வருஷ வேலையில் தாலாட்டின் மேல் ஒரு தாய்கூடப் புகார் சொன்னதில்லை. அது யாருக்கும் நினைவு வரவில்லை. ஒரு மரம் சாட்சி சொன்ன பிறகு மனுஷர் சாட்சி எதற்கு?

வார்டு வேலை போன வருத்தம் ஒருபக்கம் இருக்கட்டும். அதைவிடக் கொடுமை வேறொன்று நடந்தது. அவளே நம்ப ஆரம்பித்தாள்.

அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகள். குளிப்பாட்டச் சொல்லி வந்து நின்றால், "அப்பாகிட்ட போம்மா" என்றாள். தலை வாரிவிடச் சொன்னால், "அத்தைகிட்ட போ" என்றாள். மடியில் ஏறினால் மெதுவாக இறக்கிவிட்டாள். தன் கைகளையே யாரோ அந்நியருடைய கைகள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கணவன் வந்து, "கொடு, நான் நறுக்கறேன்" என்று கத்தியை வாங்கிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து வெங்காயம் உரித்தறியாத மனிதன். அந்த அன்பில் இருந்த பயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கதவைத் தட்டியது நாத்தனார்.

கணவனுடைய அக்கா. அதே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். வீட்டில் இவர்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. டிவி சத்தத்துக்குச் சண்டை, நாற்காலியில் ஈரத்துண்டு போட்டதற்குச் சண்டை. சண்டைக்குக் காரணம் தீர்ந்துபோனால் போன வாரச் சண்டையை எடுத்து மறுபடி போடுவார்கள்.

"வெளியில வா. எவ்வளவு நேரம் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுவே? புள்ளையை ஏன் தொட மாட்டேங்கற?"

"எனக்கே பயமா இருக்கு அண்ணி." தாலாட்டு கண்ணைத் துடைத்தாள். "யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னது சரின்னுதான் தோணுது. சின்ன வயசுல எங்க தம்பியை ஒருதடவை நல்லா அடிச்சிருக்கேன்."

"தம்பியை அடிக்காத அக்கா எந்த ஊர்ல இருக்கா? உன் புருஷனை நான் அடிச்ச அடியில அவன் காது இன்னும் ஒருபக்கம் மடங்கித்தான் இருக்கு. என்னை எந்த ரூமுக்கு மாத்தறது?"

தாலாட்டுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. சமையலறை வாசலில் நின்ற கணவன் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"மனசைப் பத்திப் படிச்சவங்க தப்பாவா சொல்லுவாங்க?"

"படிச்சவங்க வேற, இந்த ஆளு வேற." நாத்தனார் நாற்காலியில் கிடந்த ஈரத்துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். "நெஜமா படிச்சவங்க ஒருதடவை கேட்டதை நாள் கழிச்சு மறுபடி கேப்பாங்க. ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்து, ஒத்துப்போகுதான்னு பாப்பாங்க. நீ சொல்றதைவிட நீ எப்படி நடந்துக்கறேன்னு பாப்பாங்க. அவ்வளவும் செஞ்சுட்டு, 'இப்படி இருக்கலாம்'னுதான் சொல்லுவாங்க. ஒரே பார்வையில 'இதுதான் நீ'ன்னு அடிச்சுச் சொல்றவன்கிட்ட பர்ஸைப் பத்திரமா வச்சுக்கணும்."

"அதை எப்படி அண்ணி நிரூபிக்கிறது?"

"எங்க லேபுக்குப் புது மெஷின் வந்தா என்ன செய்வோம்? ஒரே ரத்தத்தை ரெண்டு ட்யூப்ல ஊத்தி, வேற வேற பேரை எழுதி அனுப்புவோம். ஒரே விடை வந்தா மெஷின் பாஸ். ஒண்ணுல சக்கரை, இன்னொண்ணுல சோகைன்னு வந்தா கோளாறு ரத்தத்துல இல்ல. மெஷின்ல."

மறுநாள் நாத்தனார் நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், மூணாவது மாடி மெஷினை டெஸ்ட் பண்ணியாச்சா?"

"எந்த மெஷின்?"

"கோட்டுப் போட்ட மெஷின்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "விளையாடாதீங்க. அவர் என்னைப் பத்திச் சொன்னது ஒண்ணுவிடாம உண்மை. வேற யாருக்கும் தெரியாத விஷயம்."

"என்ன சார் சொன்னார்?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "வெளியில சிரிக்கிறேன். ஆனா..."

"உள்ளுக்குள்ள அழறீங்க. கேன்டீன் மாஸ்டரும் அழறார் சார். காசாளரும் அழறார். இந்த ஆஸ்பத்திரியே உள்ளுக்குள்ள அழுதுட்டுத்தான் இருக்கு."

டாக்டர் குரல் இறங்கிக் கேட்டார்: "என் திறமையில பாதி இன்னும்..."

"கேன்டீன் மாஸ்டருக்கும் பாதிதான் சார் வந்திருக்கு. மீதியும் வந்தா காபி குடிக்கிற மாதிரி இருக்கும்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். கடைசியில், "சரி. டெஸ்ட் பண்ணலாம். அவர் ஜெயிப்பார், பாருங்க. அப்புறம் நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நம்பிக்கையோடு சொன்னாரா, ரோஷத்தில் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது.

அவர் ஒரு மரம் வரைந்தார். அளவுகோல் வைத்த மாதிரி நேரான தண்டு, நிறையப் பழங்கள். தாலாட்டு மறுபடி அதே ஜன்னல் மரத்தை வரைந்தாள், பொந்தும் அணில் வாலும் மாறாமல். டாக்டரின் கண்ணெதிரே நாத்தனார் பெயர்களை மட்டும் மாற்றி எழுதினாள். பொந்து மரத்தில் டாக்டர் பெயர். பழ மரத்தில் நர்ஸ் பெயர்.

அந்த வாரக் கடைசியில் பெரிய கூடத்தில் கூட்டம். மனமானி மேடையில் பெரிய டாக்டரின் மனத்தை வாசிக்கப் போகிறார் என்று அறிவித்திருந்தார்கள். ஊழியர்கள், வெளியாட்கள், சக்கர நாற்காலியில் நோயாளிகள் என்று நிற்க இடமில்லை. முன்வரிசை முழுக்கப் பச்சை பேட்ஜ். தாலாட்டு கடைசியில் தூண் ஓரமாக நின்றாள்.

மனமானி முதல் தாளை எடுத்தார். மூலையில் டாக்டரின் பெயரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மரத்தைப் பார்த்தார்.

"ஆகா!" மைக் அதிர்ந்தது. "இந்தப் பொந்தைப் பாருங்க! ஆயிரத்துல ஒருத்தர் வரையிறது. இது சாதாரணப் பொந்து இல்ல, கருணை. அடுத்தவங்க துக்கம் எல்லாத்துக்கும் உள்ள இடம் கொடுக்கிற மனசு. இப்படிப்பட்டவங்க கையில குழந்தையைக் கொடுத்தா, அழுற குழந்தைகூட அழுகையை நிறுத்திடும்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது.

தாலாட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்று ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. மறுகணமே சுருக்கென்றது. அதே பொந்து. அதே வாய். கெட்டதாகச் சொன்னபோது நம்பினேன், நல்லதாகச் சொன்னால் அதையும் நம்புகிறேனே! அவர் என்ன சொன்னாலும் 'ஆமாம் சாமி' போடுவதற்கு எனக்குள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் முதலில் வேலையிலிருந்து மாற்ற வேண்டும். இத்தனை நாள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கல் அந்தத் தூண் ஓரத்திலேயே விழுந்தது.

நாத்தனார் மேடையேறி இரண்டாவது தாளை நீட்டினாள். "சார், குழந்தை வார்டு நர்ஸுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம்னு மறுபடி வரையச் சொன்னோம். பாத்துச் சொல்லுங்க."

பெயரைப் பார்த்ததும் மனமானியின் முகம் இருண்டது.

"மாறலை. கொஞ்சம்கூட மாறலை. தண்டு விறைப்பா இருக்கு பாருங்க, வளையாத குணம். வீட்டுலயும் யாரோடயும் ஒத்துப்போக மாட்டாங்க. இவ்வளவு பழம் எதுக்கு? பேராசை. எல்லாம் எனக்கே வேணும்கிற எண்ணம். நான் பகிரங்கமாவே எச்சரிக்கிறேன். இவங்க கையில கத்தி, கத்தரிக்கோல்னு கூர்மையான பொருள் எதையும் கொடுத்துடாதீங்க."

"நிச்சயமா சார்? மாத்திச் சொல்ல ஏதாவது இருக்கா?"

"மரம் பொய் சொல்லாதும்மா."

முன்வரிசையில் பெரிய டாக்டர் எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அந்த ரெண்டாவது மரம் நான் வரைஞ்சது" என்றார். "கருணைன்னு சொன்னீங்களே, அந்தப் பொந்து மரம் நர்ஸோடது. பேரை மட்டும் மாத்தினோம்."

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு நோயாளி நடுங்கும் குரலில் கேட்டார்: "டாக்டர், நாளைக்கு எனக்குத்தானே ஆபரேஷன்? கத்தி உங்க கையிலதானா?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. நர்ஸுகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கேன்டீன் மாஸ்டர் வெளியிலும் சிரித்தார், உள்ளுக்குள்ளும் சிரித்தார்.

மனமானி கையை உயர்த்தினார். "இது வஞ்சகம்! சந்தேகத்தோட வர்றவங்க முன்னாடி ஆழ்மனம் கதவைச் சாத்திக்கும். அதுதான் அறிவியல்!"

"அப்படியா சார்?" என்றாள் நாத்தனார். "நான் சந்தேகத்தோட தெர்மாமீட்டரைப் பாத்தா காய்ச்சல் இறங்கிடுமா? இறங்கும்னா சொல்லுங்க, பாதி வார்டை இன்னைக்கே காலி பண்ணிடலாம். மரத்தைப் பாத்து நீங்க எதையும் சொல்லலை. பேரைப் பாத்தீங்க. பதவியைப் பாத்தீங்க. பெரியவர் வரைஞ்சா பொந்து கருணை. செருப்பு தேஞ்சவ வரைஞ்சா அதே பொந்து கொலைவெறி. நீங்க அளந்தது யார் மனசையும் இல்ல, போட்டிருக்கிற துணியை. அதுக்கு மனமானி எதுக்கு? தையல்காரர் போதுமே!"

அவசர அழைப்பு வந்திருப்பதாகச் சொல்லி மனமானி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லை, மாடிப்படியிலேயே போனார்.

உண்மை வெளிப்பட்டால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று நினைத்தால் அது தப்பு. முன்வரிசை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. காசாளர் நாத்தனாரை வழிமறித்து, "மத்தவங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டும் சரியாத்தானே சொன்னார்? அப்போ நான் வேர் இல்லையா?" என்று சண்டைக்கு வந்தார். பேட்ஜைக் கழற்றச் சொன்னபோது அது சட்டையில் சிக்கிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

பெரிய டாக்டர் தாலாட்டிடம் வந்து தொண்டையைச் செருமினார். "நாளையிலேருந்து வார்டுக்கே வந்துடும்மா. ஏதோ ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தானா நடக்கலை சார்" என்றாள் தாலாட்டு. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என்னை மாத்தறதுக்கு முன்னாடி வார்டுல இருந்த தாய்மாருங்க ஒருத்தரையாவது கேட்டிருக்கலாமே? நான் எப்படிப்பட்டவள்னு அவங்களுக்குத் தெரியாதா? தாளைக் கேட்டீங்க. ஆளைக் கேக்கலை."

டாக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவளும் நாத்தனாரும் கீழே இறங்கி வந்தார்கள். வாசலில் வரிசை இன்னும் அப்படியே நின்றது. மேலே நடந்தது எதுவும் இவர்களுக்குத் தெரியாது. ஆளுக்கொரு மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் வியர்த்துக்கொண்டு, ஒரு சிறு காடு மாதிரி நின்றார்கள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள் தாலாட்டு. "அந்த ஆளு ஓடிட்டார். சொன்னதெல்லாம் புளுகு."

முன்னால் நின்றவர் அவளையும் தன் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பாடுபட்டு வரைந்திருந்தார், இலைக்கு இலை நரம்பு போட்டிருந்தார்.

"சரிம்மா, புளுகாவே இருக்கட்டும். கஷ்டப்பட்டு வரைஞ்சுட்டோமே. நான் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்க இதை வேற யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டலாம்?"

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் தாலாட்டு முந்திக்கொண்டாள்.

"வீட்டுல பொண்டாட்டி இருந்தா அவங்களைக் கேளுங்க. உங்களுக்குக் கீழ வேலை செய்றவங்க இருந்தா அவங்களைக் கேளுங்க. உள்ளதைச் சொல்லுவாங்க. அதைக் கேக்கத் தைரியம் இல்லாமத்தானே அண்ணே, காசு கொடுத்து மரத்தைக் கேக்க வந்து நிக்கிறீங்க? பென்சில் பிடிச்ச கைக்கு மேல தோள் இருக்கு, தோளுக்கு மேல தலை இருக்கு. தொப்பி மாட்டறதுக்கு மட்டும் இல்ல அது. ஒருதடவை போட்டு யோசிச்சுத்தான் பாருங்களேன்!"